தோன்றா எழுவாய்

தேர்வுத்தாள் திருத்தும் முகாமில் ஒரு கட்டுக்கு 25 தாள். அன்று எனக்கு வந்த கட்டில் 24 தொழிற்சாலைகள் எரிந்துகொண்டிருந்தன.

கேள்வி இதுதான்: 'உங்கள் தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்து குறித்து மேலாளருக்கு ஓர் அறிக்கை எழுதுக.' 16 மதிப்பெண். 24 ஆலைகளும் நள்ளிரவு 2 மணிக்குத் தீப்பிடித்தன. 24 ஆலைகளிலும் ஷார்ட் சர்க்யூட். 24 ஆலைகளிலும் சேதம் சரியாக 5 லட்சம் ரூபாய். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் சாகவில்லை. இரண்டு தொழிலாளிகளுக்கு லேசான காயம். அவர்களுக்கும் முதலுதவி அளிக்கப்பட்டுவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுகேள்வி கேட்காமல் பணம் கொடுத்துவிட்டது. 24 அறிக்கைகளும் ஒரே வரியில் முடிந்தன: இனி இவ்வாறு நிகழாதிருக்கத் தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன.

எல்லாம் ஒரே கைடு. எரிகிற ஆலைக்குள் ஒருவரும் போகவில்லை. எல்லோரும் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குள் போய்வந்திருந்தார்கள்.

24 பேருக்கும் 16க்கு 14 போட்டேன். விடைக்குறிப்பு அப்படித்தான் சொன்னது. தலைப்புக்கு இவ்வளவு, தேதிக்கு இவ்வளவு, அனுப்புநர் பெறுநருக்கு இவ்வளவு, இலக்கணத்துக்கு இவ்வளவு. ஆலை ஏன் எரிந்தது என்பதற்கு மட்டும் மதிப்பெண் ஒதுக்கவில்லை. விடைக்குறிப்பைச் சொல்லிக் குற்றமில்லை. நிஜமாகவே ஆலை எரிகிற அன்று செய்தித்தாளில் வருவதும் அதுதானே? சிவகாசி என்றால் உராய்வு, மற்ற ஊர் என்றால் மின்கசிவு. நாட்டில் பாதித் தீ விபத்துகளை அந்தக் கைடு முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டது.

25ஆவது தாள் வேறு மாதிரி இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் துணிச்சல் சேர வேண்டியிருக்கிறது.

*

பொறியியல் மாணவனுக்கு எழுதவும் பேசவும் சொல்லித்தருகிற பாடத்துக்கு ரெகுலேஷன் என்கிற பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் ஒரு பெயர். டெக்னிக்கல் இங்கிலீஷ் என்றார்கள், கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்றார்கள், புரொஃபஷனல் கம்யூனிகேஷன் என்றார்கள், பிறகு புரொஃபஷனல் இங்கிலீஷ் என்றார்கள். போர்டு மாறும், உள்ளே அதே சரக்கு. நான் அந்தக் கடையில் பல வருஷம் நிறுத்துக் கொடுத்தவன். அதனால் தராசு எங்கே சாய்கிறது என்று தெரியும்.

அந்தச் சரக்கில் விலை உயர்ந்தது 'இம்பர்சனல் பாசிவ்' என்கிற செயப்பாட்டு வினை. 'நான் வால்வைத் திறந்தேன்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. 'வால்வு திறக்கப்பட்டது' என்று எழுதினால் அது அறிவியல். நான், நாங்கள், நீங்கள் எல்லாம் காதல் கடிதத்துக்கு. அறிக்கைக்கு ஆகாது என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தபடியே எழுதிக்கொண்டார்கள்.

ஆய்வகத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. உப்பு கரைந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. கரைத்தவர் முருகேசனா மும்தாஜா என்பது அல்ல. ஆனால் அணைக்கட்டு ஆய்வகக் குடுவை அல்ல. பாலமும் பாய்லரும் டிரான்ஸ்ஃபார்மரும் அல்ல. அங்கே முதல் கேள்வியே 'யார்' என்பதுதான்.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தேன்' என்று சொன்னால் 'நான்' வெளியே தெரியாது. ஆனால் விகுதியைப் பிடித்து இழுத்தால் ஆள் வந்துவிடுவான். 'திறந்தான்' என்றால் அவன். 'திறந்தார்கள்' என்றால் அவர்கள். நம் மொழியில் எழுவாய் எந்த மூலையில் ஒளிந்தாலும் வினைமுற்றின் வால் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாலை வெட்டுவதற்கென்றே கிடைத்த அரிவாள் 'படு' என்கிற துணைவினை. திறக்கப்பட்டது. முடிவெடுக்கப்பட்டது. ஒப்புதல் அளிக்கப்பட்டது. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. இப்போது விகுதியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வருவது 'அது' மட்டும்தான். எது? தண்ணீர், கதவு, கோப்பு. தண்ணீரைக் கைது செய்ய முடியுமா?

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. உச்சத்தில் வினாடிக்கு 29,000 கன அடி. இப்படிப்பட்ட நேரத்துக்கென்று அரசாங்கத்திடம் ஒரு வாசகம் தயாராக இருக்கிறது: கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேட்டுக்கொள்கிறவர் யார் என்று தெரியாது. பாதுகாப்பான இடம் எது என்றும் தெரியாது. எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் தரைத்தளத்தில் படுத்திருக்கிற பாட்டிக்கு 29,000 கன அடி என்றால் என்ன? ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். பெருக்கினால் வினாடிக்கு 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். சென்னைத் தெருவில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 68 லாரி. 'பாட்டி, நீங்க ஒண்ணுன்னு சொல்லி வாயை மூடறதுக்குள்ள 68 லாரித் தண்ணி ஆத்துல கொட்டுது. ரெண்டுன்னா இன்னொரு 68. பேத்தியத் தூக்கிக்கிட்டு மேல ஏறுங்க, இப்பவே!' இதுதான் தொழில்நுட்ப எழுத்து. இதற்கு வேண்டியது ஒரு பெருக்கல் கணக்கும், பாட்டியின் முகத்தைக் கற்பனை செய்து பார்க்கிற மனசும். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி இன்றும் நடக்கிற கிண்டிப் பொறியியல் கல்லூரி அந்தக் குடியிருப்புக்கு நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுப் பொறியியல் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரைக் கடந்து பாட்டியிடம் வந்து சேரவில்லை. தண்ணீர் வந்து சேர்ந்தது.

2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அந்தச் சென்னை வெள்ளம் மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது. அப்பாடா, ஓர் எழுவாய் கிடைத்ததே என்று பார்த்தால் 'மனிதர்கள்'. பன்மை என்பது எழுவாயின் கூட்டுக்குடித்தனம். தேடிப்போனால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கதவைத் திறந்தவர் மட்டும் வெளியே போயிருப்பார்.

2022 முதல் பொறியியல் முதலாண்டில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தாள்கள் வந்திருக்கின்றன. நல்லது. அவற்றில் சோழர் காலக் குமிழித் தூம்பு பாடமாக இருக்கிறது. ஏரிக்குள் இருந்து தண்ணீரும் வண்டலும் அளவாக வெளியேற வைத்த அமைப்பு. புதுக்கோட்டைப் பக்கம் போனால் அந்தத் தூம்புகளின் கல் தூண்களில் இதைச் செய்வித்தவன் இன்னான் என்று பெயர் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தண்ணீருக்கு வழி வைத்தவன் கல்லில் எழுவாயாக நின்றான். இன்று மதகைத் தூக்குகிறவர் காகிதத்தில்கூட நிற்கவில்லை. பரீட்சையில் கேட்பார்கள்: 'குமிழித் தூம்பின் சிறப்புகளை எழுதுக.' முதல் சிறப்பு, பொறுப்பேற்க ஆள் இருந்தது. இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. சோழர் பெருமை பாடினால் கிடைக்கும்.

*

எட்டு என்கிற எண்ணுக்கும் எங்கள் ஆங்கிலப் பாடத்துக்கும் ஒரு ஜாதகப் பொருத்தம் உண்டு. சாலை விபத்தைத் தடுக்க எட்டுப் பரிந்துரைகள் எழுதுக. மழைநீரைச் சேமிக்க எட்டு. பிளாஸ்டிக்கை ஒழிக்க எட்டு. ஏன் எட்டு? 16 மதிப்பெண்ணை இரண்டிரண்டாகப் பங்கு போட்டால் எட்டு. ஒன்பதாவது யோசனை உயிரைக் காக்கும் என்றாலும் அதற்குக் காசு இல்லை. மூன்றே போதும் என்றாலும் மீதி ஐந்தைப் புனைந்தாக வேண்டும். 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்' என்பது எட்டுக்கும் பொருந்துகிற சாவி. பிற்பாடு விசாரணைக் கமிஷன் அறிக்கைகளைப் படிக்கும்போது, நம்ம பிள்ளைகள் நல்ல நிலைமைக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்குக் கண் கலங்கும்.

இதெல்லாம் ஆங்கில வகுப்பு. உண்மையான எழுத்துப் பயிற்சி நடப்பது ஆய்வகத்தில், ரெக்கார்டு நோட்டில்.

யங் குணகம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சட்டத்தின் நடுவில் எடை தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளக்க வேண்டும். சட்டம் எப்போதோ கோணிப்போனது. மைக்ராஸ்கோப்பின் திருகு சுற்றினால் நிற்காது. ஆனாலும் வருஷா வருஷம் பாடநூல் விடை வந்துவிடுகிறது. எப்படி? விடை தெரியும், விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீட்டுக்கு வர வேண்டும். நடக்கத் தெரியாதவனுக்கு சீனியர் ரெக்கார்டு இருக்கிறது. சட்டம் கிழடு தட்டிவிட்டது. யங் குணகம் மட்டும் பெயருக்கேற்ப இளமை மாறாமல் இருக்கிறது.

ஒருமுறை ஒரு பையன் தனக்குக் கிடைத்த தப்பான எண்ணையே எழுதி, கீழே 'சட்டம் ஏற்கெனவே வளைந்திருந்தது' என்று ஒரு வரி சேர்த்தான். அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. பாருங்கள், எனக்கும் தானாக வந்துவிட்டது. கிழித்தார் ஆய்வக ஆசிரியர். 'ரெக்கார்டுல கதை எழுதாத தம்பி' என்றார். முழு நோட்டிலும் கதையாக இல்லாத வரி அது ஒன்றுதான்.

அந்தப் பையன் நாளைக்கு ஒரு கட்டுமானத் தளத்தில் நிற்பான். கான்கிரீட் கனசதுரத்தை 28 நாள் ஊறவைத்து, எந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று எழுத வேண்டும். அங்கேயும் விடை முன்னாலேயே தெரியும்: எம்-30 என்றால் 30க்கு மேல். பின்னோக்கி நடக்க நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோமே! 2014 ஜூன் 28, போரூர் பக்கத்தில் மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். இடிந்து விழுகிற எந்தக் கட்டடமும் காகிதத்தில் பலவீனமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இறுதியாண்டில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் கருவியும் கிடைக்கும், 70 பக்க விளக்கமும் கிடைக்கும்; இப்போது அதையும் செயற்கை நுண்ணறிவு இலவசமாகத் தருகிறது. மாணவன் தன் கையால் எழுதுவது ஒரே பக்கம், நன்றியுரை. பேரன்புமிக்க தாளாளருக்கு, தொலைநோக்கு மிக்க செயலருக்கு, முதல்வருக்கு, துறைத் தலைவருக்கு, வழிகாட்டிக்கு என்று படிப்படியாக இறங்கி, கடைசி வரியில் அப்பா அம்மா. கவனித்துப் பாருங்கள்: 70 பக்கமும் செயப்பாட்டு வினை, இந்த ஒரு பக்கம் மட்டும் 'நாங்கள் நன்றி செலுத்துகிறோம்' என்று செய்வினை. கருவியைச் செய்தது யார் என்று தெரியாது. கும்பிட்டது யார் என்பது திட்டவட்டமாகத் தெரியும். நாலு வருஷப் பொறியியல் கல்வியில் மாணவன் எழுவாயாக நிற்பது முதுகு வளைகிற அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

*

ரிப்போர்ட் முடிந்தால் ஸ்லைடு. ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி, ஒரு வரிக்கு ஆறு சொல் என்று நானே விதி வகுத்துக் கொடுத்திருக்கிறேன். வண்ணம் கண்ணை உறுத்தக் கூடாது. கடைசி ஸ்லைடில் 'தேங்க் யூ', ஒரு ரோஜாப் பூ.

பெண்கள் விடுதிக்குக் கல்பனா சாவ்லா பெயர் வைக்காத பொறியியல் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துணிவுக்கான விருதைத் தமிழக அரசு அவர் பெயரில்தான் கொடுக்கிறது. அவரோடு சேர்த்து ஏழு பேர் எப்படிச் செத்தார்கள் என்ற கதையில் ஒரு ஸ்லைடு இருப்பதை அந்த விடுதிப் பெண்களுக்கு யாராவது சொன்னோமா?

2003 ஜனவரி 16. அவர் போன கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82ஆவது வினாடியில் வெளித்தொட்டியிலிருந்து ஒரு நுரைக்கட்டி பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து உண்டா இல்லையா என்று கணக்குப் போட்ட போயிங் பொறியாளர்கள் நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடைப் பின்னாளில் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி வரிவரியாகப் பிரித்துப் போட்டார். மேலே தடித்த எழுத்தில் இருந்த தலைப்பு, பயப்பட வேண்டாம் என்கிற தொனியில் இருந்தது. 'குறிப்பிடத்தக்க' என்கிற சொல் ஐந்து முறை வந்தது. ஐந்து முறையும் எவ்வளவு என்று சொல்லவில்லை. புள்ளிக்குள் புள்ளியாக இறங்கி, அடிமட்டத்தில், சின்ன எழுத்தில் கிடந்தது உண்மை: இதுவரை சோதித்துப் பார்த்த நுரைத்துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்தது 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது, நாங்கள் போட்ட கணக்கு எதற்கும் உதவாது என்பதை அந்த ஸ்லைடு தன் காலடியில் புதைத்து வைத்திருந்தது. மேலாளர்கள் தலைப்பைப் படித்துவிட்டு எழுந்து போனார்கள். பிப்ரவரி 1 அன்று இறங்கும் வழியில் விண்கலம் சிதறியது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடுகிற வழக்கத்தையே விசாரணைக் குழு தன் அறிக்கையில் கண்டித்தது.

அந்த ஸ்லைடு என் வகுப்பில் வந்திருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஒழுங்கான புள்ளிகள். 'நான்' என்கிற சொல்லே கிடையாது.

*

எழுத்தை விடுங்கள், பேச்சுக்கு வருவோம். அங்கே நாம் இன்னும் கெட்டிக்காரர்கள்.

மூன்றாம் ஆண்டு முடிகிற சமயம், பிளேஸ்மென்ட் நெருங்கும்போது, வெளியிலிருந்து சாஃப்ட் ஸ்கில்ஸ் டிரெய்னர் வருவார். கோட்டு, காலர் மைக், உற்சாகம். 'ஹவ் ஆர் யூ ஆல்?' என்பார். 'ஃபைன் சார்' என்று 300 பேர் சொல்வார்கள். 'சத்தமே வரலையே!' என்பார். இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். அது ஒரு மணி நேரம். பிறகு கை குலுக்குவது எப்படி, கண்ணைப் பார்ப்பது எப்படி, 'உங்கள் பலவீனம் என்ன' என்று கேட்டால் என்ன சொல்வது. பலவீனத்துக்கும் கைடு விடை உண்டு: 'எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவேன் சார்.' நாமக்கல்லிலிருந்து நாகர்கோவில் வரை ஒரு தலைமுறைக்கே ஒரே பலவீனம். குரூப் டிஸ்கஷன் தலைப்பு: சமூக ஊடகம் வரமா சாபமா. செல்போனை விடுதி வார்டனிடம் பறிகொடுத்த பிள்ளைகள் அதைப் பற்றி உட்கார்ந்து விவாதிப்பார்கள்.

இந்தப் பேச்சுப் பயிற்சி நடக்கிற இடம் எப்படிப்பட்டது? நான் பார்த்த ஒரு வளாகத்தில் பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பஸ்ஸில் நடுவே எல்லைக்கோடு. வராந்தாவில் நின்று பேசினால் ஃபைன். தமிழில் பேசினால் தனி ஃபைன். வகுப்பில் கேள்வி கேட்டால் 'ஓவரா பேசாத, இன்டர்னல் மார்க் என் கையில'. மெஸ் சாப்பாட்டில் புழு என்று புகார் எழுதிய பெண்ணின் அப்பாவை அடுத்த நாளே வரவழைத்தார்கள். அந்தப் புகார்க் கடிதம் அருமையான தொழில்நுட்ப எழுத்து: தேதி, நேரம், எந்தப் பாத்திரம், எத்தனை பேர் பார்த்தார்கள், எல்லாம் இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார்கள். அவள் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. என் மாணவி.

நாலு வருஷம் வாயைத் தைத்து வைத்துவிட்டு, ஐந்து நாளில் தையலைப் பிரிக்க ஆள் அமர்த்துகிறோம். அதற்கும் பிள்ளைகளிடமே கட்டணம்.

பொதுமேடை? அது இருக்கிறது, ஏசி ஆடிட்டோரியத்தில். அங்கே பேசுகிறவர் தாளாளர். முன்வரிசையில் நாங்கள், பின்னால் இடத்தை நிரப்ப முதலாண்டு. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு முடிய முக்கால் மணி நேரம். நம் மாணவர்கள் மேடைப் பேச்சு கற்பதில்லை. மேடைக் கைதட்டல் கற்கிறார்கள். எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு நேரம் தட்ட வேண்டும் என்பதில் அவர்கள் தேர்ச்சி உலகத் தரம்.

எந்தப் பேச்சும் அப்துல் கலாமில் முடியும். கனவு காணச் சொன்னாரல்லவா, அதைச் சொல்லிவிட்டுத் தேநீர். கலாமின் சுயசரிதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடியில் படிக்கும்போது, அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்துகொள்வோம் என்ற பொருளில் அவர் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். முதல் பரிசு; ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால். விமானப் பொறியியல் மாணவன் விமானத்தைப் பற்றித் தாய்மொழியில், 'நாம்' என்ற எழுவாய் வைத்து எழுதினான். அவர் படம் மாட்டிய சுவருக்குக் கீழேதான் தமிழ் பேசியதற்கு ரசீது போட்டு ஃபைன் வசூலிக்கிறோம். கலாமே முதலாண்டில் வந்து சேர்ந்தால் இரண்டாம் நாள் நோட்டீஸ் போர்டில் பெயர் ஏறியிருக்கும்.

*

பிள்ளைகளை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறேனே, சொல்லித்தருகிற நாங்கள் யார்?

எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் கல்லூரி அலுவலக பீரோவில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஊர் ஊராகப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அட்மிஷன் பிடிக்க வேண்டும். எத்தனை பேரைப் பிடித்தோமோ அதைப் பொறுத்து எங்கள் அடுத்த வருஷம். பொதுமேடைப் பேச்சு ஆசிரியரின் உண்மையான மேடை அந்தத் திண்ணைதான். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் அண்ணே' என்று குரல் நடுங்காமல் சொல்ல அங்கேதான் பழகினோம். சம்பளம் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் பீரோ திறக்காது. வாய்திறக்கப் பயந்தவர்களை அமர்த்தி, வாய்திறக்கச் சொல்லிக்கொடுக்கும் விந்தை இது.

எங்களில் சிலர் நிஜமாக இருந்தார்களா என்பதே கேள்வி. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். சிலர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். கண்ணனுக்கு மட்டுமே கைவந்த லீலை. அந்த ஆசிரியர்களின் இருப்பைச் சான்றளித்த ஆவணங்களும் யாரோ ஒருவர் எழுதியவைதான். எழுத்துப்பிழை இல்லாமல், உரிய படிவத்தில், தேதி முத்திரையோடு. நாம் கற்றுக்கொடுத்த தொழில்நுட்ப எழுத்தின் உச்சம் அது. எழுவாய் தோன்றாமல் இருப்பதில் ஒரு படி முன்னேறி, இல்லாத எழுவாயைத் தோன்றச் செய்திருக்கிறார்கள்.

சரி, நல்ல ஆசிரியர், நல்ல பாடம், நேர்மையான எழுத்து எல்லாம் வந்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. ரோஜர் பாய்ஸ்ஜாலி என்று ஒரு பொறியாளர். சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் செய்த நிறுவனத்தில் இருந்தவர். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம் கைவிட்டால் உயிர்கள் போகும் என்று 1985 ஜூலை 31 அன்று தன் பெயர் போட்டு மேலதிகாரிக்கு எழுதினார். சுற்றிவளைக்கவில்லை. 1986 ஜனவரி 27 இரவு, குளிர் அதிகம், ஏவ வேண்டாம் என்று அவரும் சகாக்களும் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி அந்த நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் சொன்னார். தொப்பி மாறியது. மறுநாள் காலை, கிளம்பிய 73ஆவது வினாடியில் ஏழு பேர் போனார்கள்.

எழுதத் தெரிந்தவனும் பேசத் தெரிந்தவனும் இருந்தும் கேட்கத் தெரிந்தவன் இல்லை. நம் பாடத்திட்டத்தில் 'லிசனிங் ஸ்கில்ஸ்' இருக்கிறது; ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேசட் ஆங்கிலம் கேட்கிற பயிற்சி. கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் கேட்கிற பயிற்சி அதில் இல்லை. அதை நடத்துவதென்றால் முதல் மாணவராகத் தாளாளரை உட்கார வைக்க வேண்டும்.

*

25ஆவது தாள்.

அதே கேள்வி. அதே தீ விபத்து. கையெழுத்து கொஞ்சம் கோணல். ஆங்கிலம் தடுமாறியது, காலங்கள் மாறி மாறி வந்தன. எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அன்று ஷிஃப்ட் சூபர்வைசர் நான். திங்கட்கிழமையே பேனல் போர்டிலிருந்து கருகல் வாசனை வந்தது. ஆபரேட்டர் அண்ணன் என்னிடம் சொன்னார். மேலே சொன்னால் மெஷினை நிறுத்தச் சொல்வார்கள், ஆர்டர் தாமதமாகும், என்னைத் திட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. புதன்கிழமை எரிந்தது. அந்த அண்ணனுக்குக் கை போய்விட்டது. ஷார்ட் சர்க்யூட் உண்மைதான். ஆனால் காரணம் நான் பேசாமல் இருந்தது.

எட்டுப் பரிந்துரை இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது: வாசனை வந்ததும் மெஷினை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டருக்கே இருக்க வேண்டும்.

கைடு படிக்காத பிள்ளை. எங்கேயோ லீவில் வேலைக்குப் போன இடத்தில் பார்த்ததோ, அப்பாவுக்கு நேர்ந்ததோ, எனக்குத் தெரியாது. தாளில் பெயர் இருக்காது, டம்மி நம்பர்தான். அவனோ அவளோகூடத் தெரியாது. நான் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். பக்கத்து மேஜைக்காரர், 'என்ன சார், கட்டு முடியலையா? டீ வந்துடுச்சு' என்றார்.

விடைக்குறிப்பை எடுத்தேன். அனுப்புநர் பெறுநர் இல்லை, கழி. தலைப்பு இல்லை, கழி. எட்டுக்கு ஒன்று, கழி. செயப்பாட்டு வினையில் எழுதாமல் 'நான்' என்று எழுதியது, கழி. கூட்டிப் பார்த்தால் 16க்கு 5.

அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது என்று இந்தக் கட்டுரையில் எழுதத்தான் கை போகிறது. இருபது வருஷப் பழக்கம். அடித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் குறைத்தேன்.